ஆள் குறைந்த ஊரில் வாசிகசாலைக்குக் காசு போடலாமா?

தீவகன் (சூரிச்):

ஊர் விசயம் தெரிந்த பலர் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

எங்கள் ஊர் யாழ்ப்பாணத் தீவகத்தில் இருக்கிறது. 1990இல் இராணுவம் தீவுகளைப் பிடித்தபோது வெளிக்கிட்ட சனத்தில் பெரும்பகுதி திரும்பிப் போகவே இல்லை. சிலர் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் தங்கிவிட்டார்கள், மிச்சப்பேர் சுவிஸ், பிரான்ஸ், கனடா. இப்போது ஊரில் இருப்பவர்கள் வயதானவர்களும் போக வழியில்லாதவர்களும்தான். 2022 நெருக்கடிக்குப் பிறகு மிஞ்சியிருந்த பெடியளும் கிளம்பத் தொடங்கிவிட்டார்கள்.

இங்கே எங்கள் ஊர்ச் சங்கம் இதுவரை கோயிலுக்கும் பள்ளிக்கூட மதிலுக்கும் காசு கொடுத்திருக்கிறது. இந்த முறை வாசிகசாலை என்று முடிவாகப் போகிறது. பழைய சனசமூக நிலையம் கூரை இல்லாமல் நிற்கிறது. அதை இடித்துவிட்டு இரண்டு மாடியில் ஒரு நூலகம் கட்டி, இங்கிருந்து புத்தகங்களும் அனுப்பலாம் என்கிறார்கள். மூத்தவர்கள் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்ட 1981ஐ நினைத்துக் கண்கலங்குகிறார்கள். இங்கே பிறந்த பிள்ளைகள், "அங்கே யார் இருக்கிறார்கள் வாசிக்க?" என்று கேட்கிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஊரில் இருக்கிற சனத்துக்கு ஒரு வாசிகசாலை உண்மையில் என்ன செய்கிறது? நேரில் பார்த்தவர்கள் சொன்னால் அடுத்த கூட்டத்தில் அதை வைத்துக் கதைப்பேன்.

நெய்தல் (தீவகம்):

தம்பி, நான் உங்கள் பக்கத்துத் தீவில் ஒரு சனசமூக நிலைய வாசிகசாலையைப் பார்த்துக்கொள்கிறேன். முன்பு அதே கட்டடத்தில் நடந்த முன்பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். எங்களுடையது ஓட்டுக் கூரை போட்ட ஒரு மண்டபமும் ஒரு சிறு அறையும்தான்.

காசு போடுங்கள். ஆனால் கட்டடத்தில் போடாதீர்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வருகிற சனத்தோடு இருந்து அலுவல் பார்க்கிற ஒரு ஆளுக்குப் போடுங்கள். பழைய சுவரில் கூரையைப் போட்டு, ஒரு கழிப்பறை கட்டினால் போதும். தீவகத்தில் வெளிநாட்டுக் காசில் கட்டிய வாசிகசாலைகள் எத்தனையோ இருக்கின்றன. திறப்பு விழாப் படம் எல்லோருக்கும் போய்ச் சேரும், பிறகு கதவுத் திறப்பு யாரிடம் இருக்கிறது என்றே தெரியாது.

என்ன செய்கிறது என்று கேட்டீர்கள். காலையில் பேப்பர் வந்ததும் வருகிறவர்கள் வயதானவர்கள். உதயன், வீரகேசரி. முதலில் மரண அறிவித்தல் பக்கத்தைத்தான் பிரிப்பார்கள். ஒரே ஊரில் பிறந்தவர் ஒருவர் ரொறன்ரோவில் இறந்திருப்பார், இன்னொருவர் பாரிஸில். பிள்ளைகள் எல்லாம் வெளியே இருக்கிற ஒரு தாய்க்கு, அந்த ஒரு மணித்தியாலம்தான் அன்றைக்கு இன்னொரு மனிதரோடு கதைக்கிற நேரம். இரண்டு நாள் ஒருவரைக் காணவில்லை என்றால் யாராவது ஒருவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவார். இதைச் செய்யச் சொல்லி நாங்கள் யாருக்கும் சொல்லவில்லை. திறந்த கதவு ஒன்று இருப்பதால் நடக்கிறது.

பேப்பர் வாசித்து முடிந்ததும் பையிலிருந்து கடிதங்கள் வெளியே வரும். சுவிஸில் வேலை செய்து, அந்த நாட்டுக் குடியுரிமையோடு ஊருக்குத் திரும்பி வந்திருக்கிற ஒரு ஐயா இருக்கிறார். ஜெனீவாவிலிருந்து அவருக்கு வருடத்துக்கு ஒரு தடவை ஒரு படிவம் வரும், அவர் உயிரோடு இருக்கிறார் என்று அதிகாரி ஒருவர் உறுதிப்படுத்திக் கையெழுத்திட்டு அனுப்பவேண்டும். தவணைக்குள் போகாவிட்டால் ஓய்வூதியம் நின்றுவிடும். மகன் போனில் சொல்லுவான், "அப்பா, அதை நிரப்பி அனுப்புங்கோ" என்று. யார் நிரப்புவது? அவருக்கு இப்போது கண்ணும் தெளிவில்லை. நான் வாசித்துச் சொல்லி, பென்சிலால் எழுதிக் காட்டி, அவர் பேனையால் எழுதுவார். பிறகு ஸ்கான் செய்து ஒரு பிரதியை மகனுக்கும் அனுப்புவோம்.

2023இல் அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரிக் கொடுப்பனவு வந்தபோது மேன்முறையீட்டை இணையத்தில் போடச் சொன்னார்கள். அதற்கு முதல் வருடம் எரிபொருளுக்கு கியூஆர் அட்டை. படலைக்கு வெளியே போன் சிக்னல் தேடி நிற்கிற ஒரு கிழவிக்கு அரசாங்கம் இப்படிச் சொன்னால் அவர் என்ன செய்வார்? எங்கள் நிலையத்தில் ஒரு கணினியும் ஒரு பிரிண்டரும் இருந்தன. ஏ.எல். எழுதிவிட்டு இருந்த இரண்டு பிள்ளைகள் வாங்கில் இருந்து எழுதிக் கொடுத்தார்கள். புத்தகத்தைத் தொட்டே பார்க்காத ஆக்கள் வாசிகசாலைக்குள் முதல்முதலாக வந்தது அப்போதுதான், அப்புறம் அவர்களில் பலர் வருவதை நிறுத்தவில்லை.

பின்னேரம் பிள்ளைகள். அப்பம்மாவோடோ அம்மம்மாவோடோ வளர்கிற பிள்ளைகள் நிறைய. தகப்பன் பிரான்சில் விசா இல்லாமல் இருப்பார், தாய் குவைத்தில் வீட்டுவேலைக்குப் போயிருப்பார். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் அந்த வேலைக்குப் போக முடியாது என்று 2013இல் கொண்டுவந்த விதியை, 2022 நெருக்கடியில் இரண்டு வயது என்று குறைத்துவிட்டார்கள். டொலர் வேண்டும் என்பதற்காக எடுத்த அந்த முடிவின் பலன் என் வாசிகசாலைப் பாயில் வந்து உட்கார்ந்திருக்கிறது. இதை நினைக்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

அப்படி ஒரு பெண்பிள்ளை, ஆண்டு மூன்று. வந்த புதிதில் வாயே திறக்கமாட்டாள். படக்கதைப் புத்தகம் ஒன்றைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, நிலையத்துப் போனில் பதிவு செய்து தாய்க்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். தாய் வேலை முடிந்து படுக்கப் போகும்போது கேட்டிருக்கிறார். அடுத்த நாள் பதில் குரல் வந்தது, "அந்த நரிக்குப் பிறகு என்ன நடந்தது?" என்று. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை ஒவ்வொரு கிழமையும் ஒரு கதை வாசித்து அனுப்புகிறாள். கேட்கிற அம்மம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது, அவரும் கூடவே வந்து உட்கார்ந்திருப்பார்.

இனி, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சி விசயம். இதை நீங்கள் கூட்டத்தில் கட்டாயம் சொல்லவேண்டும். எங்கள் பெடியளுக்குப் போகாதே என்று சொல்வது வாசிகசாலையின் வேலை இல்லை. அவன் போகத்தான் போகிறான், அவனுடைய மாமனும் சித்தப்பனும் போன வழிதானே. ஆனால் காணியை ஈடு வைப்பதற்கு முன் வந்து ஒரு தடவை கேட்டுவிட்டுப் போகட்டும் என்று நாங்கள் விடாமல் சொல்கிறோம். 2022 நவம்பரில் 303 இலங்கையரோடு வியட்நாம் பக்கக் கடலில் தத்தளித்த கப்பலை எல்லோருக்கும் நினைவிருக்கும். கனடா என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். மியன்மாரில் கணினி வேலை என்று கூட்டிக்கொண்டு போய் இணைய மோசடி முகாமில் அடைக்கப்பட்டவர்களும் இந்த நாட்டுப் பிள்ளைகள்தான்.

சில மாதங்களுக்கு முன் ஒரு பெடியன் கடிதம் ஒன்றைக் கொண்டுவந்தான். இங்கிலாந்தில் முதியோர் பராமரிப்பு வேலை, முற்பணம் உடனே கட்டவேண்டும் என்று இருந்தது. இரண்டு பேரும் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தோம். 2025 ஜூலை 22 முதல் பிரித்தானியா அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டது. அது அவர்களுடைய அரச இணையத்தளத்திலேயே இருக்கிறது. வெளிநாட்டு ஆள் எடுக்க அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலும் அங்கேயே இருக்கிறது, யாரும் காசில்லாமல் பார்க்கலாம். கடிதத்தில் இருந்த பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. மத்திய கிழக்கு வேலை என்றால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் தளத்தில் முகவரின் உரிம எண்ணைப் போட்டுப் பார்ப்போம், சந்தேகம் இருந்தால் 1989க்கு அடித்துக் கேட்போம். பெடியன் காசு கட்டவில்லை. தாய் மறுநாள் வந்து ஒன்றும் சொல்லாமல் ஒரு பை முருங்கைக்காய் வைத்துவிட்டுப் போனார்.

காணி வழக்கு, காணி உறுதிப் பத்திரம், அற்றோணி என்கிற அதிகாரப் பத்திரம் இவற்றில் நாங்கள் கை வைப்பதில்லை. நொத்தாரிசிடம் போகச் சொல்லிவிடுவோம். சிறு ஊரில் காணி விசயத்தில் வாசிகசாலை ஒரு பக்கம் சாய்ந்தது என்று பெயர் வந்தால் பாதிச் சனம் வராது.

இன்னொன்று. "ஊரவர்" என்று உங்கள் சங்கம் யாரைச் சொல்கிறது? உங்கள் ஆக்களின் வீடுகளில் இப்போது குடியிருந்து வீடு பார்க்கிறவர்கள் யார்? வன்னியிலிருந்து வந்தவர்கள், மலையகத்திலிருந்து வந்தவர்கள், சொந்தக் காணி இல்லாதவர்கள். பள்ளிக்கூடம் மூடாமல் இருப்பதே அவர்களுடைய பிள்ளைகளால்தான். எங்கள் பகுதியில் நடந்து போகிற தூரத்துக்குள் மூன்று சனசமூக நிலையங்கள் இருக்கின்றன. ஏன் மூன்று என்று உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். ஒவ்வொரு சாதிக்கும் ஒவ்வொரு வாசிகசாலை வைத்திருந்த காலத்தின் மிச்சம் அது. ஆள் இல்லாத ஊரில் மூன்றையும் பூட்டி வைத்திருப்பதைவிட ஒன்றை எல்லோருக்கும் திறக்கலாம். காசு கொடுக்கும்போது இதை நிபந்தனையாகப் போடுங்கள்: அந்த ஊரில் வசிக்கிற எவரும் அங்கத்தவர் ஆகலாம், நிர்வாகத்திலும் இருக்கலாம். வெளிநாட்டிலிருந்து வருகிற காசுக்கு இந்த ஒரு பலம் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

புத்தகம் அனுப்புவதாகச் சொன்னீர்கள். தயவுசெய்து பெட்டி பெட்டியாகப் பழைய புத்தகம் அனுப்பவேண்டாம். தலைப்பு நாங்கள் தருகிறோம், காசாக அனுப்புங்கள், யாழ்ப்பாணத்தில் வாங்கிக்கொள்ளலாம். பெரிய எழுத்தில் படக்கதைகள், ஓ.எல். கடந்தகால வினாத்தாள், புலமைப்பரிசில் பயிற்சிப் புத்தகம், இவைதான் கிழிந்து போகிற அளவுக்குப் பாவனையில் இருப்பவை. நீங்கள் அங்கிருந்து அனுப்பக்கூடிய ஒரே ஒரு வகை இருக்கிறது: உங்கள் வீடுகளில் கிடக்கிற நினைவு மலர்கள், பழைய பள்ளிக்கூட மலர்கள், கோயில் மலர்கள். இடப்பெயர்வில் ஊரில் ஒன்றும் மிஞ்சவில்லை. வெளிக்கிடும்போது பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போன ஒரு மலர் பேர்ணில் யாருடைய அலுமாரியிலோ இருக்கும். 2005 முதல் நூலகம் என்ற இணைய நூலகத்தை நடத்துகிறவர்கள் இப்படியானவற்றை ஸ்கான் செய்து எல்லோருக்கும் திறந்து வைக்கிறார்கள். ஒரு பிரதி அங்கே, மூலம் ஊர் வாசிகசாலையில்.

1981ஐ நினைத்து மூத்தவர்கள் கலங்குவது எனக்குப் புரிகிறது. 97,000 அளவில் நூல்களும் சுவடிகளும் எரிந்தன. அவர்களுக்கு ஒன்றை நினைவுபடுத்துங்கள். அந்த நூலகம் 1933இல் க. மு. செல்லப்பா என்ற ஒருவர் தன் வீட்டிலேயே புத்தகம் இரவல் கொடுக்கத் தொடங்கியதிலிருந்து வளர்ந்தது. எல்லோரும் படத்தில் பார்க்கிற அந்த வெள்ளைக் கட்டடம் திறந்தது 1959இல்தான். முதலில் ஒரு ஆள், 26 வருடம் கழித்துத்தான் கட்டடம்.

பரதன்:

அக்கா சொல்வது நல்ல விசயம்தான். ஆனால் எனக்கு இரண்டு சந்தேகம். படிவம் நிரப்புவதற்குக் கிராம அலுவலர் இருக்கிறார், பிரதேச செயலகம் இருக்கிறது. அரசாங்கம் செய்யவேண்டிய வேலையை வெளிநாட்டில் கழுவித் துடைத்து உழைக்கிற சனம் ஏன் சுமக்கவேண்டும்? இரண்டாவது, இன்றைக்கு எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. ஏஜென்சி உண்மையா பொய்யா என்று அதிலேயே பார்த்துக்கொள்ளலாமே.

நெய்தல்:

பரதன் தம்பி, போன் இருக்கிறது. ஏமாற்றுகிறவனும் அந்தப் போனில்தான் வருகிறான். எங்கள் பெடியளுக்கு வருகிற வேலை விளம்பரம் முழுக்க டிக்டொக்கிலும் பேஸ்புக்கிலும் வருவதுதான். நல்ல தமிழில், பெரிய விமானப் படத்தோடு வரும். அது பொய் என்று காட்டுகிற அரச தளம் ஆங்கிலத்தில், நீளமாக, ஒரு மூலையில் இருக்கும். போனைத் தனியாக வைத்துக்கொண்டு இருக்கிற பத்தொன்பது வயதுப் பெடியனுக்கு இரண்டில் எது கண்ணில் படும்? பக்கத்தில் இருந்து சேர்ந்து வாசிக்க ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆளுக்கு அவனுடைய முற்பணத்தில் பங்கு இருக்கக்கூடாது.

கிராம அலுவலர் நல்லவர், ஆனால் அவர் ஒரே ஆள். கச்சேரி என்கிற மாவட்டச் செயலகத்துக்கும் வெளிக்களத்துக்கும் போக மிஞ்சுகிற நேரத்தில் சனத்தைப் பார்க்கிறார். கையெழுத்து அவர்தான் வைக்கவேண்டும். அதுவரைக்கும் கடதாசியைச் சரியாக அடுக்கிக் கொடுப்பது நாங்கள். முன்பு ஒரு பிறப்புச் சான்றிதழ் குறைந்தது என்று மூன்று தடவை பஸ் ஏறிய ஆக்கள் இப்போது ஒரு தடவையில் அலுவலை முடித்துக்கொண்டு வருகிறார்கள்.

அரசு செய்யவேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. பிரதேச சபையில் பதிந்த நிலையம் எங்களுடையது. சபை தருகிற மானியம் சிறியது, அதையும் கூட்டிக் கேட்டு ஒவ்வொரு வருடமும் கடிதம் கொடுக்கிறோம். பதிவு இல்லாமல் தனிக் கட்டடமாக நடத்தினால் கேட்கவும் முடியாது. தீவகன் தம்பி, உங்கள் நிலையத்தின் பதிவு இன்னும் செல்லுபடியாகிறதா என்று முதலில் பாருங்கள். வருடாந்தக் கூட்டம் வைக்காமல் விட்டிருந்தால் புதுப்பிக்கவேண்டி வரும்.

ஸ்காபரோ வாசகி:

நான் மறுகரையிலிருந்து சொல்கிறேன். என் பெற்றோரைக் கூப்பிட்டு இரண்டு வருடம் ஆகிறது. அவர்களுக்கு இங்கே முதலில் பழக்கமான இடம் கோயில், அடுத்தது நூலகம். ரொறன்ரோ பொது நூலகத்துக்கு நகரம் முழுக்க 100 கிளைகள். ஸ்காபரோக் கிளைகளில் தமிழ்ப் புத்தகத் தட்டுகள் இருக்கின்றன. அப்பா அங்கே போய்ப் பழைய வரலாற்று நாவல்களை ஒவ்வொன்றாக எடுத்து வருகிறார்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது வேறு. புதிதாக வந்தவர்களுக்கு உதவ சில கிளைகளில் குடியேற்ற உதவியாளர்கள் நூலகத்துக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள். சுகாதார அட்டை, பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது, ஆங்கில வகுப்பு, எதையும் கேட்கலாம், காசு கிடையாது. கனடா மத்திய அரசு அதற்குப் பணம் கொடுக்கிறது. இறங்கி வருகிற ஊரில் ஒரு நூலகம் இதைச் செய்யலாம் என்றால், ஏறி வருகிற ஊரில் ஏன் செய்யக்கூடாது? நெய்தல் அக்கா செய்வது அதேதான். அம்மா அப்பாவின் விசாப் படிவத்தை ஊரிலே ஒருவர் காசு வாங்கிக்கொண்டு பிழையாக நிரப்பிக் கொடுத்து, அதைச் சரிசெய்ய நான் இங்கே பட்ட பாடு கொஞ்சமல்ல. அக்காவைப் போல ஒருவர் எங்கள் ஊரில் இருந்திருக்கவேண்டும்.

நினைவு மலர் விசயம் வாசித்ததும் என் பெரியம்மாவிடம் கேட்டேன். இரண்டு இருக்கின்றனவாம், ஒன்று 1978இல் அச்சடித்தது.

மலையடிவாரம்:

கணக்காய்வு வேலையாக நேபாளத்தில் சில காலம் இருந்தேன். இந்த இழையை வாசிக்கும்போது அங்கே பார்த்ததுதான் நினைவுக்கு வந்தது. நேபாளமும் வெளியே போனவர்களின் காசில் நிற்கிற நாடு, மொத்த உற்பத்தியில் நாலில் ஒரு பங்கு அளவுக்கு அந்தக் காசுதான். வளைகுடா, மலேசியா, இந்தியா என்று இளம் ஆண்கள் போய்விடுவார்கள். மலைக் கிராமங்களில் பெண்களும் கிழவர்களும் பிள்ளைகளும்தான்.

அங்கே ரீட் என்று ஒரு அமைப்பு 1991இல் சோலுக்கும்பு மாவட்டத்து ஜுன்பேசியில் முதல் கிராம நூலகத்தைத் தொடங்கியது. அமெரிக்காவிலிருந்து மலையேற்றப் பயணம் நடத்துகிற ஒரு பெண், உங்கள் ஊருக்கு என்ன வேண்டும் என்று தன் வழிகாட்டியிடம் கேட்க, அவர் நூலகம் என்று சொன்னாராம். அதிலிருந்து நாடு முழுக்கப் பல மாவட்டங்களுக்குப் பரவியது. எனக்குப் பிடித்தது அவர்களுடைய நிபந்தனை. நிலத்தையும் ஒரு பங்குச் செலவையும் ஊர் தரவேண்டும், நூலகத்தோடு சேர்த்து வருமானம் தருகிற ஒரு தொழிலும் இருக்கவேண்டும். ஒரு இடத்தில் தளபாடப் பட்டறை, இன்னொரு இடத்தில் வாடகைக் கடைகள். சித்வன் மாவட்டத்து ஜுவானியில் நூலகமே அம்புலன்ஸ் ஓட்டுகிறது. அந்த வருமானத்தில் நூலகரின் சம்பளமும் மின்சாரமும் போகும். கணவன் அனுப்புகிற காசை வைத்துப் பெண்கள் சேமிப்புக் குழு நடத்துவதும் நூலக அறையில்தான்.

கணக்குப் பார்க்கிறவனாக ஒரு வார்த்தை. வெளிநாட்டுச் சங்கங்களின் உதவி முதல் இரண்டு வருடம் உற்சாகமாக வரும், பிறகு சங்கத்துக்குள் தேர்தல் வரும், புதியவர்களுக்கு வேறு விருப்பம் இருக்கும். சம்பளத்துக்குக் காசு போடுவது சரி. கூடவே மூன்றாம் வருடம் பாதிச் சம்பளமாவது ஊருக்குள்ளேயே வருகிற மாதிரி இப்போதே ஏதாவது தொடங்குங்கள்.

நெய்தல்:

மலையடிவாரம் ஐயா சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். எங்களிடம் அம்புலன்ஸ் அளவுக்கு இல்லை. கதிரை, தகரப் பந்தல், கிடாரம் வாடகைக்குக் கொடுக்கிறோம். ஆவணி மாதம் வெளிநாட்டு ஆக்கள் விடுமுறைக்கு வந்து கலியாணம், சாமத்தியம், கோயில் திருவிழா என்று நடத்தும்போது அது நன்றாக ஓடும். போட்டோக்கொப்பிக் காசும் சேரும். பேப்பரும் கரண்ட் பில்லும் அதில் முடிகின்றன, சம்பளம் முடியாது. தீவுகளில் குடிதண்ணீர் பெரிய பிரச்சினை என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு சிறிய சுத்திகரிப்பு இயந்திரத்தை வாசிகசாலை வளவில் வைத்து, லீற்றர் கணக்கில் குறைந்த விலைக்குக் கொடுக்கலாம் என்று எங்கள் நிர்வாகத்தில் கதைத்துக்கொண்டிருக்கிறோம். தண்ணீர் எடுக்க வருகிறவர் பேப்பரையும் பார்த்துவிட்டுப் போவார். பிள்ளை கதை வாசித்து முடிக்கும்வரை இருப்பார்.

தீவகன் (சூரிச்):

எல்லோருக்கும் நன்றி. அக்கா, நிலையத்தின் பதிவு பற்றி விசாரித்தேன், 2019க்குப் பிறகு புதுப்பிக்கவில்லையாம். வீடு பார்க்கிற குடும்பங்களில் எத்தனை பிள்ளைகள் என்று பள்ளிக்கூட அதிபரிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன். உண்மையைச் சொன்னால், அவர்கள் எங்கள் கணக்கிலேயே இருக்கவில்லை.

கூட்டத்தில் வரப்போகிற கேள்வி ஒன்று இருக்கிறது. கட்டடம் என்றால் கல்லில் பெயர் பதிக்கலாம். மாதச் சம்பளத்துக்குக் காசு கொடுத்தால் என்ன தெரியும் என்று கேட்பார்கள். மாதம் எவ்வளவு வேண்டும் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

நெய்தல்:

எங்கள் செலவைச் சொல்கிறேன். காலையும் பின்னேரமும் இருக்கிற ஒரு ஆளின் சம்பளம், இணையம், பத்திரிகை எல்லாம் சேர்த்து மாதம் 60,000 ரூபாவுக்குள் பார்க்கலாம். உங்கள் காசில் 200 பிராங்கு வராது. இருபது குடும்பம் ஆளுக்குப் பத்துப் பிராங்கு வங்கியில் நிலைக்கட்டளை போட்டால் போதும். ஒருவர் விட்டாலும் மற்றவர்கள் தாங்குவார்கள்.

பெயர் வேண்டும் என்று நினைப்பதில் பிழை இல்லை. ஊரில் தாயையோ தகப்பனையோ இழந்தவர்கள் அவர்கள் நினைவாக ஒரு வருடப் பத்திரிகைச் சந்தாவைப் பொறுப்பெடுக்கட்டும், பத்திரிகைத் தட்டின் மேல் அந்தப் பெயர் அந்த வருடம் முழுக்க இருக்கும். எங்கள் நிலையத்தில் அப்படித்தான் செய்கிறோம், காலையில் பேப்பர் எடுக்கிற ஒவ்வொருவரும் அந்தப் பெயரை வாசிப்பார்கள்.

ஆளைத் தெரிவு செய்வதை மட்டும் சூரிச்சில் இருந்து செய்யாதீர்கள். ஊரில் இருக்கிற மாதர் சங்கமும் நிர்வாகமும் சேர்ந்து, ஊரிலேயே இருக்கப்போகிற ஒருவரைப் பார்க்கட்டும். கணவன் இல்லாமல் பிள்ளை வளர்க்கிற, ஏ.எல். படித்த பெண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அப்படி ஒருவருக்கு மாதச் சம்பளம் கிடைத்தால் அவருக்குக் குவைத்துக்குப் போகவேண்டிய தேவை வராது.

கூட்டத்துக்கு முன் ஊர் நிர்வாகத்தோடு ஒரு தடவை சூமில் கதையுங்கள். பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு என்றால் நானும் வருகிறேன். எங்கள் கணக்குக் கொப்பியின் சில பக்கங்களையும், ஏஜென்சிக் கடிதம் வந்தால் நாங்கள் பார்க்கிற தளங்களின் விபரத்தையும் உங்கள் உள்பெட்டிக்கு அனுப்பியிருக்கிறேன். ஸ்காபரோத் தங்கச்சி, 1978 மலரைத் தபாலில் போடவேண்டாம், யாராவது ஊருக்கு வரும்போது கையில் கொடுத்துவிடுங்கள்.